சேர்மன் வெட்டுவதாகச் சொல்லாத கிணறு

பத்திராதிபர் ஆகிவிட்ட என் மகனுக்கு, ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் இன்னும் ஜட்கா ஓட்டிக்கொண்டிருக்கும் உன் நைனா எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேடான சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மரியாதை. நீ எழுதிய முதல் தலையங்கத்தை வண்டி ஸ்டாண்டில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்றாலும் எழுத்துக்கூட்டி ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தேன். 'சர்வதேச நிலைமை' என்ற இடம் வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை. விழித்தபோது பத்திரிகை என் முகத்தின் மேல் கிடந்தது, மெயில் வந்து போயிருந்தது, சவாரியெல்லாம் மற்றவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் தோஸ்த் ரஹீம் மட்டும் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். "உன் மவன் நல்லா எழுதறாம்பா. ஆஸ்பத்திரி மருந்துகூட இவ்ளோ சீக்கிரம் கேக்காது" என்றான். உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளே கேள்விப்பட்டுவிட்டாள்.

உன் கடுதாசி வந்தது. ஜில்லாவின் பெரிய தலைவரே வேலூரில் உன் ஆபீஸ் படியேறி வந்து சால்வை போர்த்தினார் என்றும், இனிமேல் வாராவாரம் சனிக்கிழமை தன் மோட்டாரை அனுப்புவார் என்றும், காட்பாடிப் பக்கம் காற்றாடப் போய் நாட்டு நிலைமையைப் பேசலாம் என்று சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். சீமையில் மறுபடியும் சண்டை வரும்போல இருக்கிறது என்று ஸ்டேஷனில் சுமை தூக்குகிறவன்கூடச் சொல்கிறான். சண்டை வரும் காலத்தில் தலைவர் மோட்டார் அனுப்புகிறார் என்றால் அது வெறும் காற்றுக்காக இல்லை. நீ என்னிடம் புத்திமதி கேட்கவில்லை, பெருமைதான் அடித்துக்கொண்டாய். கேட்காத பிள்ளைக்குச் சொல்வதில்தான் அப்பனுக்கு ருசி ஜாஸ்தி. ஆகையால் போன ஜெர்மன் சண்டையின்போது என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது நடை பழகுகிற வயது. ஆனால் அந்தக் கதையே உன் வயிற்றைப் பற்றித்தான். இதை நீ உன் பத்திரிகையில் போட்டாலும் போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. தூக்கம் வராத மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் பெரிய மனிதர் என்றால் ஊர் நிர்வாகம் பார்க்கிற யூனியன் போர்டுக்குச் சேர்மனாக இருந்த சாயபுதான். பாலாற்றுப் பக்கம் அவருக்குத் தோல் பதனிடுகிற பெரிய தோல்ஷாப்பு இருந்தது. சண்டை வந்ததும் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கத் தோல் வேண்டும் என்று சர்க்கார் கேட்க, அவருடைய சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் ராப்பகலாக ஓய்வில்லாமல் கிடந்தன. யுத்த நிதிக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். இன்னொரு பக்கம், பஜாரில் ஒரு வாரப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. அதன் பத்திராதிபர் முன்னாலே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. இந்த இரண்டு பேருக்கும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பிழைப்பு இல்லை. சண்டைக்குக் கப்பல் போய்விட்டதால் அச்சுக் காகிதம் வருவது நின்றுபோயிற்று. பட்டணத்து ஏஜெண்டு மூலமாகக் காகிதம் பிடித்துத் தருகிறவர் சேர்மன். சேர்மனுக்கோ யுத்த நிதிக்கு ஊர் பூராவும் கூப்பிட்டுச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் பத்திராதிபர்.

ஆனால் பார், சேர்மன் அச்சாபீசுக்குப் போனால் பத்திரிகையை வேவு பார்க்க எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரன் எழுதிக்கொள்வான். பத்திராதிபர் சேர்மன் வீட்டுக்குப் போனால் மனிதன் விலைபோய்விட்டான் என்று ஊர் பேசும். ஆகவே புதன்கிழமை சாயங்காலம் சாயபு தன் ஷாப்பு வாசலில் என் வண்டியில் ஏறுவார். பத்திராதிபர் தபாலாபீஸ் பக்கத்தில் தற்செயலாக நிற்பதுபோல நின்று ஏறிக்கொள்வார். திரையை இறக்கிவிட்டுப் பாலாற்றங்கரை வரை போய்த் திரும்புவோம். ஆற்றுக்கு எதற்குப் போகிறோம் என்று என் குதிரைக்குத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஜட்காவில் பாரம் எப்படி ஏற்றவேண்டும் என்று உனக்குத் தெரியும், நீ அதிலேயே வளர்ந்தவன். பெரிய உடம்பு பின்னால் உட்கார்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கிக் குதிரையின் வயிற்றை இழுக்கும். அதனால் சாயபுவை முன்னால், என் முதுகை ஒட்டி உட்காரவைப்பேன். பத்திராதிபர் பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். ஆகவே சேர்மன் பேசுவது என் காதுக்குள்ளேயே விழும். பத்திராதிபர் பேசுவது காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து விழும். இரண்டு பேரும் என்னைக் குதிரையின் ஓர் உறுப்பு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது உன் வயிற்றுக்கு வருகிறேன். சண்டை முற்ற முற்ற ஷாப்புக் குழிகள் பெருகின. அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கி நம் தெருக் கிணற்றில் ஊறியது. தண்ணீர் முதலில் சப்பென்று இருந்தது, பிறகு கசந்தது, பிறகு மேலே ஒரு மஞ்சள் ஆடை படிந்தது. பெரியவர்களுக்கு நெஞ்சு கரிக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வயிறு நிற்கவில்லை. உனக்கு ஒரு வாய் கஞ்சி தங்கவில்லை. தூக்கினால் துணிமூட்டை மாதிரி இருந்தாய். உன் அம்மா ஆற்றுக்குப் போய் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து வருவாள். அவள் போய்வரும் நேரத்துக்குள் நீ அழுகிற அழுகைக்குப் பக்கத்து வீட்டுக்காரி இரக்கப்பட்டு அதே கிணற்றுத் தண்ணீரை உனக்குப் புகட்டிவிடுவாள். வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மாற்று, இல்லாவிட்டால் இவன் தேறமாட்டான் என்று சொல்லிவிட்டார். நம் தெருவுக்கு மேட்டுப்பக்கம் புதுக் கிணறு ஒன்று வேண்டும். வெட்டவேண்டியது யூனியன். யூனியன் என்றால் சேர்மன்.

பத்திராதிபர் நல்ல மனிதர். நான் சொன்னதும் நேரில் வந்து கிணற்றை எட்டிப்பார்த்தார், ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார், போய் எழுதினார். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் வண்டியில் சேர்மனுக்குப் படித்துக் காட்டினார். அதுதான் அவர்களுக்குள் இருந்த வழக்கம். காகிதம் வாங்கித் தருகிறவருக்கு முதலில் காட்டாமல் இருக்க முடியுமா? சாயபு முழுக்கக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல், ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "வாத்தியாரே, இது நாளைக்கு அச்சுல வந்தா கலெக்டர் துரை இன்னா கேப்பாரு? பட்டாளத்துக்கு பூட்ஸு வாணாங்கிறியான்னு கேப்பாரு. உங்க பிரெஸ்ஸையும் பூட்டுவாங்க, என் ஷாப்பையும் பூட்டுவாங்க. சண்ட முடியட்டும், பாத்துக்கலாம்." கொஞ்ச தூரம் போனபிறகு, காகிதம் அடுத்த மாதம் கம்மியாகத்தான் வரும் என்று பட்டணத்திலிருந்து தந்தி வந்திருப்பதையும் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. பத்திராதிபர் அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் பாலாற்று மணலில் போட்டார்.

நீ இதைப் படித்துவிட்டுச் சேர்மனைக் கொடுமைக்காரர் என்று நினைக்கக்கூடாது. அன்றைக்கு இறங்கும்போதுகூட என் தோளைத் தட்டி, "பையன் வயிறு எப்பிடிக்கீது?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டு மாதுளம்பழம் கொடுத்தனுப்பியவர் அவர். உன்மேல் அவருக்குப் பிரியம்தான். தன் குழியைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. தலைவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். உன் வீட்டுக் கஷ்டத்துக்கு உருகுவார்கள், அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கலெக்டரைக் காட்டுவார்கள். நீ அவர்களை வெறுக்கவேண்டாம். மாதுளம்பழத்தை வாங்கிக்கொள். பழம் வாங்கியதால் கிணற்றை மறந்துவிடாதே.

சேர்மன் இறங்கிய பிறகு வண்டியில் பத்திராதிபர் மட்டும் இருந்தார். யாராவது முகம் தொங்கி உட்கார்ந்திருந்தால் உன் நைனாவால் சும்மா இருக்க முடியாது, உனக்குத் தெரியும். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று உன் அம்மா என்னை மாட்டிவைத்த கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் அவள் பட்டுப்புடவை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டுக் கிணற்றடியில் போய், "எங்க வூட்டுக்காரரு தீபாளிக்குப் பட்டு எடுக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு, நாந்தான் வாணாம் வாணாங்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவிலே பத்துப் பேர் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டார்கள். ரஹீம் என்னைக் கட்டிப்பிடித்து, புருஷன் என்றால் நீதான் என்றான். இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? வேலூருக்குப் போய் எடுத்து வந்தேன். அந்தப் புடவைதான் உன் அம்மா இப்போதும் விசேஷத்துக்குக் கட்டுகிறாள்.

பத்திராதிபர் சிரித்தார். வண்டி குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மசூதித் தெருத் திருப்பத்தில் சிரிப்பு நின்றது. அச்சாபீஸ் வாசலில் இறங்கும்போது, "இல்லேன்னு சொல்ல முடியலியா உன்னால?" என்று ஒரு தடவை கேட்டார். முடியவில்லை என்றேன். உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில், யுத்தச் செய்திக்குக் கீழே, கட்டம் கட்டி ஒரு நன்றி வந்தது. யுத்த வேலை இவ்வளவு இருக்கும்போதும் ஏழைகளின் தாகத்தை நினைத்து, மேட்டுப்பக்கம் புதுக் கிணறு வெட்டித் தருவதாக வாக்களித்த நமது சேர்மன் அவர்களின் கருணைக்கு நன்றி என்று போட்டிருந்தது. போலீஸ்காரன் படித்தான், புகழ்ச்சிதானே என்று மடித்து வைத்துவிட்டான். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததை உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "எனக்குப் பட்டு எடுத்தாமாரியே இருக்குதே" என்றாள். நான் குதிரைக்குக் கொள்ளு வைக்கப் போய்விட்டேன்.

இதற்கு மேல் நடந்ததைப் பத்திராதிபரே எதிர்பார்க்கவில்லை. சாயபுவுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது, உருதுதான். பத்திரிகையை அவருடைய குமாஸ்தா சனிக்கிழமை காலையில் படித்துச் சொல்வார். நம் தெருப் பெண்பிள்ளைகளோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு உன் அம்மாதான் முதல் ஆள். என்ன விஷயம் என்று தெரியாமலே சாயபு வாசலுக்கு வந்தார். "நீங்க நல்லா இருக்கணும் சாமி, எம்பிள்ளைக்கு உசுரு குடுத்தீங்க" என்று உன் அம்மா சொன்னாள். வீடு தேடி வந்து வாழ்த்துகிறவர்களை எதற்கு என்று கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. கையைக் கூப்பினார், எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டார், எல்லாம் ஆண்டவன் செயல் என்று சொல்லி எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் ஆண்டவன் செய்த செயல் என்னவென்று குமாஸ்தா படித்துச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை வண்டியில் பத்திராதிபர் ஏறியதும் நான் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டேன். ஒரு வார்த்தைகூடத் தவறவிடக்கூடாது என்று குதிரையை நடக்கவிட்டேன்.

"நான் எப்ப சொன்னேன் கெணறு வெட்றேன்னு?" என்றார் சாயபு.

"சொல்லலீங்களா?" என்றார் பத்திராதிபர். "நாந்தான் தப்பா வெளங்கிக்கினேன்போல. பரவால்ல சாயபு, வர்ற வாரம் திருத்தம் போட்டுட்றேன். கிணறு வெட்டுவதாக நமது சேர்மன் சொல்லவே இல்லை, தெருவார் ஏமாறவேண்டாம், அப்பிடின்னு."

ஆறு வருகிறவரை சாயபுவின் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, ஒங்கள ஒல்லின்னு நெனச்சேன்" என்றார். மறுவாரமே மேட்டுப்பக்கம் முளைக்குச்சி அடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நானும் உனக்கு ஜம்மென்று ஒரு புத்திமதி சொல்லிவிட்டு வண்டியைக் கட்டப் போயிருப்பேன். முடியவில்லை. தலைவர்களுக்கு ஒரு வித்தையை ஒரு தடவை காட்டினால் போதும். கிணறு பாதி இறங்கியபோது பாறை வந்தது. வெடிமருந்தெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் உளிவைத்துக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஸ்டேஷன் மைதானத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கலெக்டர் துரை வந்திருந்தார். சேர்மன் எழுந்து, நமது பத்திராதிபர் அவர்கள் தாமாகவே முன்வந்து, இன்று தொடங்கி ஊர் ஊராகப் போய் வாலிபர்களைப் பட்டாளத்தில் சேரும்படி பேசுவதாக வாக்களித்திருக்கிறார், அவருடைய தேசபக்திக்கு நன்றி என்றார். கைதட்டல் எழும்பியது. துரை இறங்கி வந்து பத்திராதிபரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வண்டியின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டெடுக்க மாட்டிக்கொண்ட, தீபாவளிக்கு முந்தைய என் முகத்தை அன்றைக்குத்தான் வெளியிலிருந்து பார்த்தேன்.

பத்திராதிபர் பேசினார். எழுதுவதைவிட நன்றாகப் பேசினார், அதுதான் வினை. பஸ்ரா என்கிற ஊரில் சம்பளமும் சாப்பாடும் உண்டு, திரும்பி வந்தால் நிலம் உண்டு, பயம் ஒன்றும் இல்லை என்றார். சேர்மன் சொல்லச்சொன்னது அது. நம் ஸ்டாண்டில் குதிரைகளுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பெயர் கொடுத்தான். திரும்பும்போது வண்டியில் பத்திராதிபர், "சமமாச்சா சாயபு?" என்று கேட்டார். சாயபு ஆச்சு என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பத்திரிகையைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நன்றிதான். இவர் அவருக்கு நன்றி, அவர் இவருக்கு நன்றி. யார் எதைச் செய்தார்கள், யார் எதைச் செய்யாமலே நன்றி வாங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்டாண்டில் நாங்கள் படிப்பதை விட்டுவிட்டு வண்டியில் வைக்கோலுக்குமேல் விரிக்க ஆரம்பித்தோம். சவாரிக்காரர்களுக்குச் சுகமாக இருந்தது.

கன்னியப்பன் திரும்பி வந்தான், பதறாதே. சண்டை முடிந்து வெகுநாள் கழித்து வந்தான். ஒரு கால் மடங்காது. பழையபடி ஸ்டாண்டில் லாடம் கட்ட உட்கார்ந்தான். பத்திராதிபர் அவனைப் பார்க்க வந்து, வெகுநேரம் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில், என் பேச்சைக் கேட்டுத்தானே போனாய் என்றார். கன்னியப்பன் குளம்பைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். "பேப்பர்ல எழுதியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன் சார். வாயால சொன்னீங்க, அதான் போய்ட்டேன்." அவன் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். பத்திராதிபர் நடந்தே வீட்டுக்குப் போனார். நான் கூப்பிட்டும் வண்டியில் ஏறவில்லை. மறுவாரத்திலிருந்து அவர் பத்திரிகையில் நன்றி என்ற கட்டமே வரவில்லை. புதன்கிழமைச் சவாரியும் நின்றது. பத்திரிகை மெலிந்துபோயிற்று, காகிதம் கிடைத்த வாரம் வந்தது, கிடைக்காத வாரம் வரவில்லை. ஆனால் ஸ்டாண்டில் அதை மறுபடியும் படிக்க ஆரம்பித்தோம். வைக்கோலுக்குமேல் விரிக்க வேறு காகிதம் தேடிக்கொண்டோம்.

இப்போது உன் சனிக்கிழமை மோட்டாருக்கு வருகிறேன். தலைவரோடு பேசாதே என்று நான் சொல்லமாட்டேன். பேசாமல் நீ எதை எழுதுவாய்? அவரோடு ஒன்றாகப் போ, வா, சிரி, சண்டை போடு. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்தப் புதன்கிழமைகளில் அவர்கள் பேசியதை எல்லாம் நடுவில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கசந்த தண்ணீர் குடிக்கிற தெருவிலிருந்து வந்தவன். பத்திராதிபர் தாளைக் கிழித்துப் போட்டதை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். அதனால்தான் அவரால் வீட்டுக்குப் போய்ச் சும்மா தூங்க முடியவில்லை. உன் தலைவருடைய மோட்டாரை ஓட்டுகிறவன் தலைவருடைய ஆள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் நீயும் அவரும்தான். அப்படிப்பட்ட இடத்தில் சண்டைக் காலத்துப் பேச்சைப் பேசாதே. எங்கே பேசினாலும், நீங்கள் பேசுகிற விஷயத்தால் வயிறு கெடப்போகிற ஓர் ஆள் காதுகேட்கிற தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். அவன் வாயைத் திறக்கவேண்டியதில்லை. இருந்தால் போதும். அப்படி ஆள் அகப்படாவிட்டால் தலைவரை ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு வா. வண்டி இருக்கிறது, குதிரையும் திடமாக இருக்கிறது, எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அவர் பெரிய உடம்பு என்று கேள்விப்பட்டேன், முன்னால் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. புகழ்ந்து எழுதவேண்டி வந்தால் எழுது, தப்பே இல்லை. ஆனால் புகழ்ந்த கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு எழுது. பத்திராதிபர் முதல் தடவை தண்ணீர் வரவழைப்பதற்காகப் புகழ்ந்தார், அது பலித்தது. பிறகு காகிதம் வரவழைப்பதற்காகப் புகழ்ந்தார், அதுவும் பலித்தது. ஊர் நம்புவதுதான் நின்றுபோயிற்று. மேடையில் யாராவது உன்னைக் கேட்காமல் உனக்கு நன்றி சொன்னால், அங்கேயே எழுந்து நின்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிடு. முகம் சிவக்கும், பக்கத்தில் துரை இருந்தால் இன்னும் ஜாஸ்தி சிவக்கும். சிவந்த முகம் ராத்திரிக்குள் சரியாகிவிடும். கன்னியப்பன் கால் சரியாகவில்லை. உன் நைனாவுக்கு அந்த தைரியம் கிடையாது, பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ அம்மா பிள்ளை, உனக்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ தேறினாய் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. தேறியதால்தான் தலையங்கம் எழுதி என்னைத் தூங்கவைக்கிறாய். கிணற்றைத் திறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மெயில் வருகிற நேரம் ஆகிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

கன்னியப்பன் பஸ்ராவுக்குப் போன சில மாதத்தில் பாறையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர், இளநீர் மாதிரி இருந்தது. திறப்புவிழாவுக்குத் தெருவே திரண்டிருந்தது. பத்திராதிபர் பென்சிலும் காகிதமுமாக ஓரமாய் நின்றார். சேர்மன் தன் சொந்த ஷாப்புத் தோலில் தைத்த புது ஜோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். துவா ஓதுவதற்காக ஜோட்டைக் கழற்றிக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார். ஓதி முடிந்ததும் முதல் குடத்தைத் தானே இறைப்பதாகச் சொல்லிக் கயிற்றைப் பிடித்தார். குடம் சுவரில் இடித்தது. வலதுகால் ஜோடு உள்ளே விழுந்தது. ஷாப்புத் தண்ணீரால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று சண்டை தொடங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த சேர்மன், கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, தோல் ஊறின தண்ணீர் ஆகாது என்று பூராவையும் இறைத்துக் கொட்டச் சொன்னார். சாயங்காலம் வரை இறைத்தார்கள். ஊற்று விடாமல் ஊறிக்கொண்டே இருந்தது. ஜோடு அகப்படவில்லை. வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் விழா இனிது நடந்தது என்று வந்தது. சேர்மன் திரும்பும்போது இடதுகால் ஜோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். முன்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். வீட்டு வாசலில் அந்த ஒற்றை ஜோட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போனார்.